நிற்கும் மரத்தின் விளைச்சல்

கிழக்குத் தொடர்ச்சி மலையில்

விசாகப்பட்டினத்தைத் தாண்டிக் கொத்தவலசையில் பிரியும் ரயில் பாதை மலைக்குள் நுழைந்ததும், பெட்டிக்குள் வெளிச்சம் வருவதும் போவதுமாக இருக்கிறது. கிரந்துல் வரைக்கும் 58 குகைகள். பைலாடிலா மலையில் வெட்டும் இரும்புத்தாதுவை ஜப்பானுக்குக் கப்பலேற்ற 1960களில் போட்ட பாதை இது. இன்றைக்கும் தாது வண்டிக்குத்தான் முதல் மரியாதை. பெயர் கேள்விப்படாத ஸ்டேஷன்களில் எங்கள் வண்டி ஒதுங்கி நிற்க, செம்புழுதி அப்பிய சரக்குப் பெட்டிகள் தடதடவென்று கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

ஜூன் நடுப்பகுதி. தென்மேற்குப் பருவமழை சத்தீஸ்கரின் பஸ்தருக்குள் கால்வைக்கிற நேரம். ஷிமிலிகுடா பக்கம், கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரத்தில், மேகம் ஜன்னல் கம்பியை நனைத்துவிட்டுப் போனது. அரக்குப் பள்ளத்தாக்கில் உழுது போட்ட வயல்கள், சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள், பிளாஸ்டிக் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடு ஓட்டும் பையன்கள்.

எதிர் இருக்கையில் ஒரு ஜகதல்பூர்க்கார அம்மா. மகளுக்குப் பேறுகாலம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். பாதித் தெலுங்கும் பாதி இந்தியுமாகப் பேச்சு ஓடியது.

"அருவி பார்க்கப் போறீங்களா?"

"காட்டுல காளான் தேடப் போறேன்."

அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடாவா? நம்ம பக்கம் இடி இடிச்சுதா, சந்தைக்கு வந்துடுச்சான்னு காலையிலேருந்து வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேட்டுக்கிட்டே இருக்கேன்!"

பஸ்தரில் சால மரத்தடி மண்ணுக்குள் விளையும் காளானுக்கு அதுதான் பெயர். தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் ஏசலாகத்தான் விழும், அரை நாளில் பழகிவிடுகிறது. சத்தீஸ்கரின் வடக்கே புட்டு என்கிறார்கள், ஜார்க்கண்டில் ருக்டா. எந்தப் பெயரில் அழைத்தாலும், வருஷத்தில் முதல் மழையை ஒட்டிச் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கிற பொருள்.

எங்கள் சிவகங்கைச் சீமையில் காளானுக்கு மாதம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை பிடித்து, ராத்திரி இடி முழங்கினால், விடிந்ததும் புற்றடிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். இங்கே ஆனி மாதம், வேறு மழை, வேறு காளான். ஆனால் இடிக்குத்தான் காளான் முளைக்கும் என்ற நம்பிக்கையில் இரண்டு ஊரும் ஒன்று. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் ஷிடாக்கே காளான் வளர்க்கும் கட்டைகளுக்குச் செயற்கையாக மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது விளைச்சல் கூடியிருக்கிறது. காட்டில் வானத்து இடி அதே வேலையைச் செய்கிறதா என்பது வேறு கேள்வி. கோடையில் காய்ந்து கிடந்த மண் முதன்முதலில் உள்வரை நனைவது இடியோடு வரும் அந்த மழையில்தான், அது போதும்.

ஜகதல்பூர், சஞ்சய் மார்க்கெட்

சந்தையில் போடாவைத் தேட வேண்டியதில்லை. எங்கே கூட்டம் குனிந்து நிற்கிறதோ அங்கே அது இருக்கிறது.

பெண்கள் தரையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு மூன்று சால இலைகள், அதன்மேல் ஈர மண்ணோடு சிறு சிறு குவியல். கோலிக்குண்டு அளவு, அதே உருண்டை. தராசு கிடையாது. சோலி என்ற சின்ன அளவுக் குவளையால் அளந்து கொட்டுகிறார்கள். நம் ஊர் உழக்கு கடைத்தெருவை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது, இங்கே சோலி உயிரோடு இருக்கிறது. முதல் வரத்தின்போது கிலோவுக்குக் கணக்குப் போட்டால் விலை ஆயிரங்களில் நிற்கும், ஆட்டுக்கறியெல்லாம் கிட்டே வர முடியாது. மழை வலுத்து வரத்து கூடக் கூட இறங்கி, சில நூறுகளுக்கு வரும். அதுவரை பொறுக்காமல் முதல் மழைப் போடாவை வாங்கிப் போய் அக்கம்பக்கத்துக்குச் சொல்வதில் ஜகதல்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு பெருமை.

கறுத்த தோலுள்ளது ஜாத் போடா, வெளுத்தது லாக்டி போடா. எது ருசி என்று கேட்டுவிட்டால் போதும், வாங்க வந்தவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்க்கிறார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தால் இளசு. பழுப்புத் தட்டியிருந்தால் முற்றத் தொடங்கிவிட்டது. கறுப்பென்றால் காசு தராதே. அந்தக் கறுப்பு, வித்துத் தூள். முற்றிய காளான் மண்ணுக்கு மேலே வந்து, தடித்த வெளித்தோல் நட்சத்திரமாகப் பிளந்து விரிந்து, நடுவிலுள்ள பையிலிருந்து அந்தத் தூளைக் காற்றில் விடும். பிளந்த இதழ்கள் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் மறுபடி மடங்கிப் பையை மூடிக்கொள்ளும். இந்த வேடிக்கையைப் பார்த்துத்தான் 1801இல் பெர்சூன் என்ற அறிஞர் ஐரோப்பிய வகைக்கு ஈரமானியின் பெயரைச் சூட்டினார். இன்று பேரினப் பெயர் அஸ்ட்ரேயஸ், அதாவது நட்சத்திரக் காளான். ஐரோப்பாவில் இதை யாரும் அடுப்பிலேற்றுவதில்லை. ஆசியாவில் தாய்லாந்துக்காரர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், கர்நாடகக் கடலோரத்திலும் முதல் மழைக்கு இதன் உறவுக்காரக் காளானைத் தேடிப் போகிறார்கள். தாய்லாந்து ஆய்வுகளால் ஆசிய வகைகள் தனி இனங்களாக அடையாளம் காணப்படத் தொடங்கியதே 2004இல்தான்.

சந்தையின் இன்னொரு பக்கத்தில் புளி. ஜகதல்பூர் நாட்டின் பெரிய புளிச் சந்தைகளில் ஒன்று, இங்கிருந்து தெற்கே லாரி லாரியாகப் போகிறது. நம் வீட்டுக் குழம்புக்கும் பஸ்தர் காட்டுக்கும் ஏற்கெனவே உறவு உண்டு, தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

தர்பா சாலை, ஊர்க்காடு

சுக்மாவுக்குப் போகும் சாலையில், காங்கேர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே ஓர் ஊர். பூங்காவுக்குள் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. இது ஊருக்கு உரிமையுள்ள காடு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் பொறுக்கும் சிறு விளைபொருள்கள் பொறுக்குகிறவர்களுக்கே சொந்தம் என்கிறது. இந்த ஊருக்கு அது சட்டம் வந்து தெரிந்த சங்கதியில்லை.

என்னை அழைத்துப்போனவர்கள் ஒரு மாமியார், மருமகள், பேத்தி. துருவா சமூகத்தினர். வீட்டுக்குள் பேசுவது துருவா, தமிழ் பிறந்த திராவிடக் குடும்பத்தில் பிறந்த மொழிதான். சந்தைக்கு ஹல்பி, என்னோடு இந்தி. மாமியாரை ஊரே ஆயா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை பேட்டி (மகளே) என்றார், மருமகளுக்கு நான் தீதி (அக்கா).

விடியலுக்கு முன் பெய்த மழை நின்றிருந்தது. ஆயா தோளில் ஒரு சுரைக்குடுக்கை, அதில் கேழ்வரகுப் பேஜ். நம் கூழேதான், இன்னும் நீர்த்தது. மருமகள் கையில் மூங்கில் கூடையும், முனை சீவிய குச்சியும். பேத்தி வெறுங்கையோடு முன்னால் ஓடினாள்.

ஊர் முடிந்ததும் வரிசை பிடித்து நட்ட தேக்கந்தோப்பு. ஒரே உயரம், ஒரே இடைவெளி. பெரிய இலைகளிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தம். குனிந்து பார்க்கவேண்டிய இடம் வந்துவிட்டதென்று நான் நடையைக் குறைக்க, அவர்கள் இருவரும் வேகத்தைக் கூட்டினார்கள்.

"இங்க பார்க்க வேண்டாமா ஆயா?"

"தேக்குல என்ன இருக்கு? பலகை இருக்கு."

தோப்பைத் தாண்டி ஓர் ஓடை. அதற்கப்பால் சால மரங்கள். அங்கே போனதும் நடை தானாகத் தளர்ந்தது, பேச்சும் குறைந்தது, மூவர் தலையும் தாழ்ந்தன.

தமிழ்நாட்டில் சாலக் காடு கிடையாது. அந்த மரத்தின் பிசினைத்தான் குங்கிலியம் என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோம். குங்கிலியத் தூபமிட்டே நாயன்மாரான கலயரின் கதை நமக்குத் தெரியும், குங்கிலியம் ஒழுகும் மரம் தெரியாது. நெடுநெடுவென்று எழுந்த அடிமரம், நீளவாக்கில் வெடித்த கருந்தோல், உச்சியில் புதுத் தளிரின் பளபளப்பு. ஜூனில் இதன் விதை உதிரும். ஒவ்வொரு விதைக்கும் ஐந்து இறக்கை, சுழன்று சுழன்று இறங்குகிறது. விழுந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் முளைத்தால் உண்டு, இல்லாவிட்டால் உயிர் போய்விடும். மழைக்கு முன்னும் பின்னும் போகாமல் மழையோடு சேர்த்து விதையை உதிர்க்கிற மரம். பேத்தி விதைகளை மேலே எறிந்து சுற்றவிட்டுக்கொண்டே வந்தாள். எண்ணெய்க்காக இதையும் பொறுக்கி விற்கிறார்கள்.

ஆயா தேடும் முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் கண் மேலே போகிறது. மரம் எவ்வளவு பெரிது, கிளை எதுவரை பரந்திருக்கிறது என்று ஒரு பார்வை. பிறகு அடிமரத்தை விட்டுச் சில எட்டு தள்ளி, மண் கொஞ்சம் மேடாகவும் சருகு மெல்லிசாகவும் உள்ள இடத்தில் உட்காருகிறார். சருகைக் கையால் ஒதுக்கியதும் செம்மண்ணில் மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு. உள்ளே ஏதோ பருத்ததால் மேல்மண் விரிந்த வெடிப்பு. அதில் குச்சியைச் சாய்வாகக் குத்தி மெதுவாக நெம்பினார். மண்கட்டி பெயர்ந்து வந்தது. அதில் மூன்று உருண்டைகள், ஒன்றின் மேல் இன்னும் ஒட்டியிருந்த வெள்ளை நூல்கள், அந்த நூல்களின் மறுமுனையில் தலைமயிர்க் கனத்தில் சால வேரின் நுனி. உருண்டைகளைக் கூடையில் போட்டுவிட்டு மண்ணைத் திரும்பக் குழியில் தள்ளி உள்ளங்கையால் தட்டிவிட்டார். ஒன்று இருந்தால் சுற்றிலும் இருக்கும். குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து அந்த ஒரு மரத்தடியிலேயே வெகுநேரம் இருந்தோம்.

அந்த வெள்ளை நூல்கள்தான் காளானின் உடம்பு. நாம் பறித்துச் சாப்பிடுவது அதன் காய். நூல்கள் சால வேரின் நுனிகளைச் சுற்றி உறையாகப் போர்த்திக்கொள்கின்றன. வேர் எட்டாத இடமெல்லாம் மண்ணுக்குள் துழாவி நீரையும் மணிச்சத்தையும் மரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மரம் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியே அதற்குக் கொடுக்கிறது. உயிருள்ள மரத்தோடு மட்டும் நடக்கிற கொடுக்கல் வாங்கல் இது. தேக்கும் வேறு வகைப் பூஞ்சைகளோடு உறவு வைத்திருக்கிறது, அவை வேரின் உள்ளேயே தங்குபவை, இப்படிக் காய்ப்பதில்லை. ஆயா தேக்கந்தோப்பில் குனியாமல் நடந்ததற்குத் தாவரவியல் சொல்லும் காரணம் அதுதான்.

தேடல் என்றால் தரையைத் தேடுவது என்றுதான் எண்ணியிருந்தேன். இவர்கள் தேடுவது மரத்தை. மரம் தெரிந்துவிட்டால் தரையில் மிச்சம் அரை வேலைதான்.

புற்றுகளின் ஓரம்

உச்சி வேளையில் மறுபடி மழை பிடித்தது. இலுப்பை மரத்தடியில் ஒதுங்கி, தொன்னையில் பேஜ் குடித்தோம். சால இலை இரண்டை மூங்கில் ஈர்க்கால் குத்தி மருமகள் அங்கேயே தைத்த தொன்னைகள். தொட்டுக்கொள்ள சாப்டா, செவ்வெறும்பையும் அதன் முட்டையையும் உப்பு மிளகாயோடு அரைத்த சட்டினி. எலுமிச்சைக்கும் மாங்காய்க்கும் நடுவே ஒரு புளிப்பு, பின்னாலேயே காரம். மழைக் குளிருக்கு ஏற்ற தொடுகறி.

மழை விட்டதும் ஆயா திசையை மாற்றினார். ஓடைக்கரையில் ஆளுயரப் புற்றுகள். அவற்றின் சரிவில் குடை விரித்த வெள்ளைக் காளான்களைப் பார்த்ததும் எனக்கு ஊர் வந்துவிட்டது. நம் புற்றுக் காளான் இனம்தான். இதற்கு மரம் வேண்டாம், கரையான் வேண்டும். கரையான்கள் தின்று எச்சமாகக் கழித்த மரத்தூளால் புற்றுக்குள் மெத்தை கட்டி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. கரையானுக்குச் செரிக்காத கட்டையைப் பூஞ்சை செரிக்க வைத்துக் கொடுக்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து நீண்ட வேர்போன்ற ஒரு தண்டு மேலே கிளம்பி வெளியே வந்து குடை விரிக்கிறது. இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். மருமகள் தண்டைச் சுற்றி மண்ணை அகற்றி, ஒரு முழத்துக்குக் குறையாமல் முழுசாக எடுத்தாள். எங்கள் ஊரில் பறிக்கிற பக்குவமும் இதுவே.

இந்தியாவில் கிடைக்கும் இவ்வகைக் காளான்களில் ஒன்றுக்கு டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்று 1979இல் பெயரிட்டு விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராசன். பேரினத்தை 1942இல் நிறுவிய பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் நினைவாக அந்தப் பெயர். தென்னிந்தியக் காளான்களை வகைப்படுத்துவதில் நெடுங்காலம் உழைத்தவர் நடராசன். நம் பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயருக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

வழியில் கண்ட எல்லாவற்றையும் இவர்கள் எடுக்கவில்லை. பட்டுப்போன மரத்தில் செம்மஞ்சளாக அடுக்கடுக்காக ஒன்று, சருகுக்குள் பால்வெள்ளையில் பாவாடை கட்டிய தண்டோடு ஒன்று. பேத்தி இரண்டாவதைக் காலால்கூடத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள். "அது ஆகாது" என்பதோடு சரி.

நல்ல காளானையும் நச்சுக் காளானையும் பிரிக்க நம்மிடம் பல சூத்திரங்கள் உலவுகின்றன. வெள்ளிக் காசைப் போட்டால் கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூச்சி தின்றிருந்தால் நல்லது. ஒன்றும் செல்லாது. கொடிய அமானிட்டா வகைகளின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றவருக்குப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. வாந்தி, பேதி வந்து, ஒரு நாள் தெளிந்த மாதிரி இருந்து, அதற்குள் கல்லீரல் கெட்டிருக்கும். ஆயாவிடம் சூத்திரம் ஏதும் இல்லை. தெரிந்த காளான் இத்தனை, ஒவ்வொன்றுக்கும் பெயர், மாதம், இடம், மரம். அந்தக் கணக்கில் வராதது எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்டுக்கே. போடாவிலும் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அதே உருவத்தில் மண்பந்துக் காளான் என்று நச்சு வகை உண்டு. அதனால் வீட்டில் ஒவ்வொரு உருண்டையையும் இரண்டாக நறுக்கி, உள்ளே வெள்ளையாக இருந்தால்தான் சட்டிக்கு.

ஆயா வீட்டு அடுப்படி

கழுவுவதுதான் பெரிய வேலை. செம்மண் அவ்வளவு எளிதில் விடாது. அன்னக்கூடையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். முதல் தண்ணீர் காவி, அடுத்தது தேநீர் நிறம், தண்ணீர் தெளியும்வரை விடுவதில்லை. மருமகள் தேய்க்க, நான் அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்கினேன். கத்தி இறங்கும்போது வெளித்தோல் கறுக்கென்று உடைகிறது. உள்ளே வெண்ணெய்க் கட்டியின் வெள்ளை. பழுப்பாயிருந்ததை ஆயா எடுத்து ஓரமாக வைத்தார்.

சமையலில் மாயமில்லை. எண்ணெய், வெங்காயம், தட்டிய பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு. போடாவைப் போட்டு வதக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிட்டார். திறந்தபோது மழை நனைத்த புதுமண்ணின் வாசனை, அதோடு இறைச்சி வேகும் வாசனை. சோற்றோடு வாயில் வைத்தால் தோல் பல்லில் சிக்கி நொறுங்கும், பிறகு உள்ளே இருப்பது கரையும். எங்கள் ஊரில் புற்றுக் காளானைச் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு மண்சட்டியில் குழையக் குழைய வேகவிடுவோம், நார் நாராகக் கோழிக்கறியாய்ப் பிரியும். இது எந்தக் கறியையும் நினைவூட்டவில்லை. ஜார்க்கண்ட் பக்கம் சிராவண மாதத்தில் புலால் விட்டவர்கள் ருக்டாவைத்தான் ஆட்டுக்கறிக்கு ஈடாக வைக்கிறார்கள் என்பது ருசியால் வந்த ஒப்பு என்பதைவிட ஏக்கத்தால் வந்தது என்று தோன்றியது.

சாப்பிடும்போது புத்தர் நினைவு வந்தார். அவருடைய கடைசி உணவைப் பாலி நூல்கள் சூகரமத்தவம் என்கின்றன. அது பன்றி இறைச்சியா, காளானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1982இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்கக் காளான் ஆய்வாளர் அதைச் சந்தால் மக்கள் உண்ணும் புட்கா என்ற காளானோடு இணைத்து எழுதினார். புட்கா என்பது இந்தத் தட்டில் இருந்ததன் வகைதான். வாதம் நிற்குமோ விழுமோ, புத்தர் குசிநகரில் கண்மூடியது இரண்டு சால மரங்களுக்கு நடுவே என்பதில் மட்டும் எல்லா மரபுகளும் ஒத்துப்போகின்றன.

காங்கேர் பள்ளத்தாக்கு

அருவி பார்க்காமல் போகக் கூடாது என்று ரயிலில் கிடைத்த அம்மா போனில் கண்டித்ததால் தீரத்கட் போனேன். படிப்படியாக விழும் அருவி, பழுப்பேறிய வெள்ளம், திருவிழாக் கூட்டம். கொட்டும்சர் குகையை மழைக்காலத்துக்காக மூடிவிட்டார்கள். 1982இல் தேசியப் பூங்காவான இந்தப் பள்ளத்தாக்கில் சாலும் தேக்கும் இயற்கையாகவே எல்லை பிரித்து நிற்கின்றன.

பூங்கா வாசலுக்கு அருகில் டீக்கடை. காட்டு வேலையில் காலம் கழித்த ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டுவிட்டு, "அன்னிக்கு அவங்க நெனச்சபடி நடந்திருந்தா நீங்க இங்க பைன் மரம் பார்க்கத்தான் வந்திருப்பீங்க" என்றார்.

அவர் சொன்னது வரலாறு. 1970களின் நடுவில் உலக வங்கி உதவியோடு ஒரு திட்டம் வந்தது. காகிதக்கூழுக்காக, பஸ்தரின் இயற்கைச் சாலக் காட்டில் பெரும்பரப்பை வெட்டிவிட்டுக் கரிபியன் பைன் நடுவது என்று. சோதனைத் தோட்டங்களும் போட்டார்கள். சால் போனால் விதை போகும், தொன்னை போகும், குங்கிலியம் போகும், போடா போகும், சாமி இருக்கும் தோப்பும் போகும் என்று பழங்குடிகள் எதிர்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

பைன் நட்டால் காளானே வராது என்பதில்லை. நீலகிரி, கொடைக்கானல் பக்கப் பைன் தோப்புகளில் மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த நச்சு அமானிட்டா நிற்கும். அந்நிய மரத்தோடு கூடவே வந்து குடியேறிய காளான். படம் பிடிக்க அழகு, வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை. இன்னும் கீழே இறங்கினால் எங்கள் சிவகங்கை, புதுக்கோட்டைத் தைலமரக் காடுகள். அங்கும் காகிதக்கூழ்க் கணக்குத்தான். தடுக்க ஆளிருந்ததா என்பது வேறு கதை. தைலமரக் காட்டுக்குள் கூடையோடு போன ஒரு பெண்ணையும் நான் கண்டதில்லை. அரைகுறையாக மிஞ்சிய புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் இருக்கிற புற்றுகள்தான் இன்றும் ஐப்பசிக்குக் காளான் தருகின்றன.

திரும்பவும் சந்தை

ஊர் கிளம்பும் நாளில் ஆயாவும் மருமகளும் ஜகதல்பூருக்கு வந்திருந்தார்கள், பேத்தியும்தான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. போடாப் பணம் வரும் நேரம் பஸ்தரில் எல்லாச் செலவும் ஒன்றுகூடி நிற்கும் நேரம். நோட்டு, நெல் விதை, கலப்பைக்குக் கொழு, மழைக்காலம் முழுவதற்கும் உப்பு, எண்ணெய். புளியும் இலுப்பைப் பூவும் கோடையிலேயே விற்று முடிந்திருக்கும், அறுப்புக்கு மாதங்கள் கிடக்கின்றன. நடுவில் உள்ள அந்த வறண்ட வாரங்களில் கையில் காசு வைப்பது மண்ணுக்குள்ளிருந்து வரும் இந்த உருண்டைகள்தான்.

ராய்ப்பூருக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் கூடையைக் கிளறிக்கொண்டே என்னிடம் பேச்சுக் கொடுத்தார். மதராஸில் காளான் பண்ணைகள் நிறைய உண்டாமே, இதையும் கொட்டகை போட்டு வளர்த்துக் கொடுக்க முடியாதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 பால் காளானை வைக்கோல் திணித்த பைகளில் வளர்த்து எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. மொட்டுக் காளான் மக்கிய உரத்தில் விளைகிறது. ஆனால் இப்படிக் கொட்டகைக்கு வந்தவையெல்லாம் செத்த பொருளைத் தின்று வாழும் காளான்கள். கரையானோடு வாழும் புற்றுக் காளானையும், உயிருள்ள சால வேரோடு வாழும் போடாவையும் பண்ணைப் பயிராக்கி விற்கும் வித்தை இன்னும் யாருக்கும் கைகூடவில்லை. இதையெல்லாம் என் இந்தியில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் ஆயா முந்திக்கொண்டார்.

"வளர்க்கட்டுமே. மொதல்ல சால மரத்தை நடச் சொல்லு. நூறு வருஷம் கழிச்சு வந்து என்கிட்ட விலை பேசு."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். வியாபாரியும் சிரித்துவிட்டு, சோலிக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்து அளக்கச் சொன்னார்.